இனிஷியல் மாறியபோது தொலைந்த நான்கு கட்டுரைகள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நுண்ணுயிரியல் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். ஆய்வு நிதிக்கு விண்ணப்பிக்கும்போது எச்-இன்டெக்ஸ் (எத்தனை கட்டுரைகள் குறைந்தது அத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன என்ற எண்) கேட்கிறார்கள். மேற்கோள்களை எண்ணும் மூன்று தளங்களில் பார்த்தேன்: கூகுள் ஸ்காலரில் எனக்கு 9, ஸ்கோபஸில் 4, வெப் ஆஃப் சயின்ஸில் 3. எதைப் போடுவது? என் வயதுக்கு எவ்வளவு இருந்தால் மரியாதை? இம்பாக்ட் ஃபேக்டர் கூடுதலான இதழில் ஒன்று வெளியிட்டால் போதுமா? துறையில் ஐந்து பேரும் ஒருவர் கட்டுரையில் மற்றவர் பெயரைச் சேர்த்துக்கொண்டால் எல்லோருக்கும் எண் ஏறும் என்று மூத்தவர் ஒருவர் யோசனை சொல்கிறார். திருமணத்துக்குப் பின் என் இனிஷியல் மாறியதால் அதற்கு முந்தைய நான்கு கட்டுரைகள் எந்தத் தளத்திலும் என் பெயரில் வருவதில்லை. அது பரவாயில்லை, பழைய கதை. மற்றதற்கு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள டாக்டர்,

உங்கள் முதல் கேள்விக்குப் பதில் சிறியது. மூன்றையும் போடுங்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எந்தத் தளம், எந்தத் தேதியில் பார்த்தது என்று எழுதுங்கள். இடமும் தேதியும் இல்லாத எச்-இன்டெக்ஸை யாராலும் சரிபார்க்க முடியாது. ஒன்றை மட்டும்தான் கேட்கிறார்கள் என்றால், கேட்பவர்கள் எந்தத் தளத்தைச் சொல்கிறார்களோ அது. எதையும் சொல்லாவிட்டால் ஸ்கோபஸ்.

கூகுளில் 9 வருவதற்கு நீங்கள் பெருமைப்படவும் வேண்டாம், வெட்கப்படவும் வேண்டாம். அது ஆய்வேடுகள், கருத்தரங்கு மலர்கள், முன்பதிப்புகள் (இதழில் வருமுன் இணையத்தில் ஏற்றும் கட்டுரைகள்) என இணையத்தில் ஆய்வுக் கட்டுரையைப் போலத் தெரிவதையெல்லாம் எண்ணுகிறது. உள்ளே வருவதை உட்கார்ந்து சரிபார்க்க ஆள் கிடையாது. 2010இல் பிரான்சின் கிரெனோபிளைச் சேர்ந்த கணினி ஆய்வாளர் சிரில் லாபே, ஐக் ஆன்ட்கேர் என்ற இல்லாத மனிதர் பெயரில் கணினி எழுதிய பொய்க் கட்டுரைகளை இணையத்தில் ஏற்றி, ஒன்றை ஒன்று மேற்கோள் காட்டவைத்தார். கூகுள் ஸ்காலர் கணக்கில் அந்த இல்லாத மனிதருக்கு எச்-இன்டெக்ஸ் 94 வந்தது. ஸ்கோபஸும் வெப் ஆஃப் சயின்ஸும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டுமே எண்ணுவதால் அங்கே எண் இறங்கும்.

எவ்வளவு இருந்தால் மரியாதை என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005இல் இந்த அளவை முன்வைத்தபோது, நிரந்தரப் பணிக்கு 12, முழுப் பேராசிரியருக்கு 18 சுமாராக இருக்கலாம் என்றார். அவர் பேசியது அமெரிக்க இயற்பியலாளர்களைப் பற்றி. அந்த எண்ணைக் கொண்டுவந்து நோயாளி வரிசை, மாணவர் வகுப்பு, ஆய்வகப் பொறுப்பு மூன்றையும் சுமக்கும் ஒரு மருத்துவ ஆசிரியரை அளப்பது அநியாயம். இம்பாக்ட் ஃபேக்டர் என்பது ஓர் இதழின் கட்டுரைகள் பெறும் மேற்கோள்களின் சராசரி, உங்கள் கட்டுரையின் மதிப்பு அல்ல. அதற்குமேல் அதில் பேச ஒன்றுமில்லை.

இப்போது நான் பதில் எழுத உட்கார்ந்ததற்கான காரணத்துக்கு வருகிறேன். "அது பரவாயில்லை, பழைய கதை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரி. பரவாயில்லை இல்லை, டாக்டர். நான்கு கட்டுரைகளுக்காக எத்தனை மாதிரிகளை வளர்த்து, எத்தனை வளர்ப்புத் தட்டுகளைப் பார்த்திருப்பீர்கள்! அந்த உழைப்பை யாரோ ஒரு அநாமதேயரின் கணக்கில் விட்டுவிட்டு, எண்ணைக் கூட்டுவதற்கு வேறு வழி கேட்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு வருத்தம்தான்.

இந்தத் தரவுத்தளங்கள் எல்லாம் மனிதருக்கு முதற்பெயர் ஒன்று, குடும்பப்பெயர் ஒன்று என்று நம்பிக் கட்டப்பட்டவை. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தை பெயரின் முதலெழுத்தும் நம் பெயரும்தான். இதழின் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்பதால் ஒவ்வொருவரும் அந்தந்த நேரத்துக்குத் தோன்றியதை நிரப்புகிறோம்.

முருகன் மகள் மலர்விழி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தன் பெயரை முதற்பெயராகவும் தந்தை பெயரைக் குடும்பப்பெயராகவும் போட்டால், மருத்துவக் கட்டுரைகளைப் பட்டியலிடும் பப்மெட் தளத்தில் அவர் "முருகன் எம்". இனிஷியலை மட்டும் குடும்பப்பெயர்க் கட்டத்தில் போட்டால் "எம் எம்". தன் பெயரையே குடும்பப்பெயராகப் போட்டால் "மலர்விழி எம்". கதிரவனை மணந்து இனிஷியலை மாற்றிக்கொண்டால் "கதிரவன் எம்", "கே எம்", "மலர்விழி கே" என்று இன்னும் மூன்று. போதாததற்கு ழகரம். ஒரு கட்டுரையில் இசட்-எச், இன்னொன்றில் வெறும் எல். ஒரே பெண் எட்டுப் பேராகிவிடுகிறார். இனிஷியல் மாறாத ஆண்களுக்கும் இதில் பாதித் தொல்லை உண்டு. ஆனால் பாதிதான்.

சிதறினால் என்ன நஷ்டம் என்று கணக்காகவே பாருங்கள். மலர்விழியின் ஒன்பது கட்டுரைகள் முறையே 45, 30, 12, 9, 7, 5, 5, 2, 1 முறை மேற்கோள் காட்டப்பட்டிருக்கின்றன. இறங்குவரிசையில் ஐந்தாவது கட்டுரைக்கு 7 மேற்கோள், ஆறாவதற்கு 5. ஆகவே எச்-இன்டெக்ஸ் 5. இவற்றில் 45, 9, 5, 1 பெற்ற நான்கும் பழைய இனிஷியலில் இருந்தால் அந்தப் பெயருக்கு 3. மீதி ஐந்தான 30, 12, 7, 5, 2 புதிய இனிஷியலில் இருந்தால் அதற்கு 4. மூன்றையும் நான்கையும் கூட்டி 7 என்று எழுதினால் பொய். 4 என்று மட்டும் எழுதினால் அவருடைய ஆகச் சிறந்த கட்டுரையே கணக்கில் இல்லை. விண்ணப்பத்தைப் பார்ப்பவர் அந்த 45ஐப் பார்க்கவே போவதில்லை.

என்ன செய்ய வேண்டும்? முதலில் தளங்களைத் திறக்காதீர்கள். ஒரு எக்செல் தாளில் உங்கள் நினைவிலிருந்தும் பழைய கோப்புகளிலிருந்தும் எல்லாக் கட்டுரைகளையும் எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, இதழ், உங்கள் பெயர் அச்சான வடிவம் எழுத்துக்கு எழுத்து, ஆசிரியர் வரிசையில் எத்தனையாவது, கட்டுரையின் நிரந்தர அடையாளமான டிஓஐ எண், பப்மெட் எண். பிறகு ஒவ்வொன்றையும் தலைப்பைக் கொண்டு தேடுங்கள். பெயரைக் கொண்டு தேடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. தொலைந்திருப்பதே பெயர்தான், அதை வைத்துத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

அடுத்து ஆர்கிட், ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாள எண் தரும் தளம். 2012இலிருந்து இருக்கிறது, இலவசம், 16 இலக்க எண். அதில் வேறு பெயர்கள் என்ற இடத்தில் பழைய இனிஷியல், விரிந்த பெயர், எழுத்துக்கூட்டல் வேறுபாடுகள் எல்லாவற்றையும் போடுங்கள். ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு, மூன்று ஆசிரியர் எண்கள் இருக்கும். சந்தா இல்லாமலே ஆசிரியர் திருத்தப் பக்கத்துக்குப் போய் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒன்றாக்கும்படி கேட்கலாம். அப்போது பட்டியலை வரிவரியாகப் படியுங்கள். அதே பெயருள்ள இன்னொரு மருத்துவரின் கட்டுரை உங்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். அதை நீக்கச் சொல்வதும் உங்கள் கடமை. எண் குறைந்தாலும் நீக்குங்கள். கூகுளில் கட்டுரைகளைத் தானாகச் சேர்த்துக்கொள்ளும் அமைப்பை மாற்றி, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி வையுங்கள். முன்பதிப்பும் அச்சுப் பதிப்பும் இரண்டாக நின்றால் இரண்டையும் குறித்து இணைத்துவிடுங்கள்.

வெப் ஆஃப் சயின்ஸில் இன்னொரு வேலை இருக்கிறது, இதைப் பெரும்பாலோர் செய்வதில்லை. உங்களை மேற்கோள் காட்டியவர் பக்க எண்ணையோ ஆண்டையோ பிழையாக எழுதியிருந்தால் அந்த மேற்கோள் உங்கள் கட்டுரையோடு ஒட்டாமல் தனியே நிற்கும். மேற்கோள் தேடல் பகுதியில் உங்கள் பெயர் வடிவங்களை ஒவ்வொன்றாகப் போட்டு, இதழின் சுருக்கப் பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடினால் இந்த அநாதைகள் வெளியே வரும். திருத்தக் கோரிக்கை அனுப்பலாம். ஸ்கோபஸில் இவை இரண்டாம்நிலை ஆவணங்கள் என்ற பகுதியில் கிடக்கும்.

இனி எழுதும் கட்டுரைகளுக்கு ஒரே வடிவம். குடும்பப்பெயர்க் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயரைப் போடுங்கள். முதற்பெயர்க் கட்டத்தில் தந்தை பெயரை முழுதாக விரித்துப் போடுங்கள், ஒற்றை எழுத்தைச் சில படிவங்கள் ஏற்காது. அச்சில் "முருகன் மலர்விழி", பப்மெட்டில் "மலர்விழி எம்", பிறர் கட்டுரையில் "மலர்விழி முதலானோர்". இனிஷியல் மாறினாலும் முன்னால் நிற்கும் பெயர் மாறாது. ஆனால் மாற்றாதீர்கள். ஆதாரிலும் குடும்ப அட்டையிலும் எந்த இனிஷியல் இருந்தாலும், முதல் கட்டுரையில் அச்சான பெயர்தான் கடைசிக் கட்டுரை வரை உங்கள் பெயர். மெய்ப்பு வரும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அதுதான். அச்சு வேலை செய்பவர்கள் முன்னதையும் பின்னதையும் மாற்றிப்போட்டிருப்பார்கள். வெளிவந்த பிறகு திருத்துவது பெரும்பாடு.

பெயருக்கு நான் இவ்வளவு மல்லுக்கட்டுவது மிகையாகத் தோன்றலாம். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சானடோரியத்தில் படுக்கவைத்துத் தரும் சிகிச்சையும் வீட்டிலிருந்தபடி எடுத்துக்கொள்ளும் மாத்திரையும் ஏறத்தாழ ஒரே பலனைத் தருகின்றன என்று அது 1959இல் காட்டியது. உலகெங்கும் காசநோயாளிகளை வீட்டிலேயே வைத்துப் பார்க்கத் துணிவு தந்த கட்டுரை அது. ஆசிரியர் என்ற இடத்தில் மையத்தின் பெயரே இருக்கிறது. வீடு வீடாகப் போனவர்கள், சளி மாதிரி பார்த்தவர்கள், ஒருவருடைய எச்-இன்டெக்ஸிலும் அது சேராது. அவர்கள் அறிந்து எடுத்த முடிவு அது, அதற்கு ஒரு கம்பீரம் உண்டு. உங்களுடையது முடிவு அல்ல, அலட்சியம்.

அதே 1959இல் கல்கத்தாவில் சம்பு நாத் டே, காலராக் கிருமியை வடிகட்டி நீக்கிய திரவமே முயலின் குடலில் நீர் கோக்கவைக்கிறது என்று நேச்சர் இதழில் எழுதினார். அந்தத் திரவத்தில் இருந்த நச்சைத் தூய்மையாகப் பிரித்தெடுத்ததே 1969இல்தான். மேற்கோள்களை எண்ணும் முறையை உருவாக்கிய யூஜின் கார்ஃபீல்டே 1986இல் டேயின் பங்கைத் தேடி விரிவாக எழுதினார். டே அதற்கு முந்தைய ஆண்டு இறந்துவிட்டார். எண்ணிக்கை பல ஆண்டு தாமதமாக வரலாம். வரும்போது போய்ச்சேர ஒரு பெயர் அங்கே இருந்தாக வேண்டும்.

கடைசியாக, ஐந்து பேர் யோசனை. அதைக் கேள்வியாகக்கூட நீங்கள் எழுதியிருக்கக் கூடாது. ஆய்வைத் திட்டமிட்டதிலோ தரவைத் திரட்டி ஆராய்ந்ததிலோ பங்கு, எழுதியதில் அல்லது திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், எதற்கும் பதில் சொல்லும் பொறுப்பு. ஒருவர் பெயர் கட்டுரையில் வர இந்த நான்கும் வேண்டும் என்கிறது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு, நான்கில் ஒன்று அல்ல. ஜப்பானின் மயக்கவியல் மருத்துவர் யோஷிடாக்கா ஃபுஜியின் 172 கட்டுரைகளில் தரவு புனையப்பட்டது என்று 2012இல் விசாரணைக் குழு கண்டது. அந்தக் கட்டுரைகளில் கூடவே இருந்த பெயர்களை நினைத்துப் பாருங்கள். உங்கள் பெயரை நீங்கள் படிக்காத தரவின்மேல் எழுத அனுமதிக்காதீர்கள். பதவி உயர்வுக்கும் அது உதவாது. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2022 விதிகள் முதல் மூன்று ஆசிரியர்களில் ஒருவராகவோ தொடர்பு ஆசிரியராகவோ (இதழோடு கடிதத் தொடர்பு வைப்பவர்) இருக்கச் சொல்லின. நான்காவதாகவும் ஐந்தாவதாகவும் ஒட்டிக்கொண்ட பெயர் அங்கே எண்ணப்படவில்லை. மூத்தவரிடம் மரியாதையாக, ஆனால் இன்றே மறுத்துவிடுங்கள்.

விண்ணப்பத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஸ்கோபஸ் திருத்தத்துக்கு உடனே பதில் வரும் என்று நம்ப முடியாது. அதற்குள் வராவிட்டால், எண்ணின் கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: முந்தைய பெயரில் வெளியான நான்கு கட்டுரைகள் இதில் சேரவில்லை, அவை இவை. நான்கின் டிஓஐ எண்களையும் கொடுங்கள். அந்த எக்செல் தாளில் முதல் நான்கு வரிகள் அவையாகவே இருக்கட்டும்.