கல்லை மாற்றாமல் பழைய சமையலறை மேடையைக் குறைந்த செலவில் சரிசெய்வது எப்படி?

கிரானைட் மேடை மங்கிவிட்டது, ஓரம் பெயர்ந்திருக்கிறது, சிங்க்கைச் சுற்றித் தண்ணீர் கீழே இறங்குகிறது, புதுக் கல் போடப் பணம் இல்லை என்று கேட்டிருக்கிறீர்கள். புதுக் கல் தேவையே இல்லை. கிரானைட் லேசில் கெடாது. கெடுவது இணைப்புகளும் ஓரங்களும்தான். ஆகவே பளபளப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கசிவை விட்டுவிட்டு மேலே எந்தப் பூச்சு அடித்தாலும், அடியிலிருந்து ஏறும் ஈரம் அதை உரித்துவிடும்.

மேடையும் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். பெரும்பாலும் அங்கே வெள்ளை சிமென்ட் அடைத்து, அது விரிந்திருக்கும். சுவரும் கல்லும் ஒரே அளவில் அசைவதில்லை. சிமென்ட் வளைந்து கொடுக்காது. திரும்பத் திரும்ப சிமென்ட் பூசினால் திரும்பத் திரும்ப விரியும். அந்த மூலைக்கும் சிங்க் விளிம்புக்கும், ரப்பர் போல வளைந்து கொடுக்கும் சிலிக்கான் பசைதான் சரி.

பழையதைக் கட்டர் கத்தியால் முழுக்கச் சுரண்டி எடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புது சிலிக்கான் ஒட்டாது. மெல்லிய படலம் மிஞ்சினாலும் அந்த இடத்தில்தான் மறுபடி கசியும். பிறகு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, ஒரு இரவு முழுக்கக் காயவிடுங்கள். இடைவெளிக்குள் ஈரம் இருந்தால் மொத்த உழைப்பும் வீண். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, சிலிக்கான் குழாயின் மூக்கை 45 டிகிரி சாய்வாக வெட்டி, நிறுத்தாமல் ஒரே இழுப்பில் போடுங்கள். ஐந்து நிமிடத்துக்குள் சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் வழித்து, மேல்தோல் கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். 24 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. 6 மி.மீ. அகலமும் 6 மி.மீ. ஆழமும் உள்ள இடைவெளிக்கு 300 மி.லி. குழாய் ஒன்று சுமார் 8 மீட்டர் வரும். வாங்கும்போது குழாயில் ‘நியூட்ரல்’ என்று இருக்கிறதா பாருங்கள். வினிகர் வாடை அடிக்கும் மலிவு வகை அமிலத்தை வெளிவிடும். மார்பிளை அது அரித்துவிடும்.

சிங்க்குக்கு முன்னால் இருக்கும் ஒல்லியான பட்டையில் விரிசல் இருந்தால் அதை மேலே மட்டும் அடைத்து ஏமாறாதீர்கள். மேடையிலேயே பலவீனமான இடம் அது. அடியில் தாங்கல் இல்லாததால்தான் விரிகிறது. கீழிருந்து ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து இரு பக்கமும் ஒரே மட்டத்துக்கு வரும்வரை மெல்லத் தூக்குங்கள். விரிசலில் தண்ணீர்போல் ஓடும் எபாக்ஸியை (பிசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் கலந்த பசை) இறக்கி, அடிப்பக்கம் ஒரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பட்டையை எபாக்ஸியால் ஒட்டி, 24 மணி நேரம் முட்டுக் கட்டையை எடுக்காமல் விடுங்கள்.

ஓரம் பெயர்ந்த பள்ளத்துக்கும் எபாக்ஸிதான். பிசினையும் ஹார்டனரையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலந்து, கல் நிறத்துக்கேற்ற கல்தூளோ நிறமித் தூளோ சேர்த்துக் கெட்டியாக்குங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டுவது மோசமான பழக்கம்: கூடுதலாகப் போனது வினைபுரியாமல் தங்கி, பிசுபிசுப்பாகவோ உடையும் தன்மையோடோ நின்றுவிடும். பள்ளத்துக்குச் சற்று மேலே எழும்படி நிரப்பி, இறுகிய பின் சவர பிளேடைக் கல்லோடு படுக்கவைத்தாற்போல் பிடித்துச் சீவுங்கள். கிரானைட்டில் கீறல் விழாது. மார்பிளில் இதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய்க் கறை கருப்பாகத் தெரிந்தால் தேய்த்துப் பயனில்லை, அது உள்ளே இருக்கிறது. சமையல் சோடாவைத் தண்ணீர் விட்டுத் தயிர்ப் பதத்துக்குக் குழைத்து, 6 மி.மீ. கனத்தில் கறையின் மேல் அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரத்தை டேப் போடுங்கள். ஒரு நாள் கழித்துத் தாளை எடுத்து, தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் எண்ணெய் மேலே இழுக்கப்படுகிறது. ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுத்தால் வேலை பாதியில் நிற்கும். பழைய கறைக்கு இரண்டு மூன்று முறை தேவைப்படும்.

கறை போன பின், கல்லின் மேல் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். அந்த இடம் கறுத்தால் கல் தண்ணீரைக் குடிக்கிறது, கல்லுக்குள் ஊடுருவி நுண்துளைகளை அடைக்கும் சீலர் திரவம் வேண்டும். கறுக்காவிட்டால் சீலரே வேண்டாம், அந்தப் பணம் மிச்சம். பூசினால், டப்பாவில் சொன்ன நேரம் முடிந்ததும் மேலே மிஞ்சியதை உலர்ந்த துணியால் முழுக்கத் துடைத்துவிடுங்கள். விட்டால் வெளிறிய படலமாகக் காய்ந்துவிடும்.

மைக்கா ஒட்டிய மேடை என்றால், ஓரம் பிரிந்ததற்கு கான்டாக்ட் பசையை இரு பரப்பிலும் தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். உள்ளே இருக்கும் தூள் பலகை தண்ணீர் குடித்து உப்பியிருந்தால் அது திரும்பவும் சுருங்காது; அந்தத் துண்டை மாற்றுவது மட்டுமே வழி.

மேடை முழுவதும் எபாக்ஸி ஊற்றிப் புதுக் கல் போல ஆக்கும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன. மைக்கா மேடைக்கு அது ஓரளவு பொருந்தும், நல்ல கிரானைட்டுக்கு வேண்டவே வேண்டாம். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தைக் கிரானைட் தாங்கும்; எபாக்ஸிப் பூச்சில் தடம் பதிந்துவிடும், வெயில் படும் இடம் மஞ்சளிக்கும். மைக்காவில் செய்வதானால் 150 எண் உப்புத்தாளால் பளபளப்பு போகும்வரை தேய்த்துவிட்டு ஊற்றுங்கள். 1 சதுர மீட்டருக்கு 1 மி.மீ. கனத்துக்கு 1 லிட்டர் பிடிக்கும். ஒரு நாளில் தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், ஆனால் முழுக்க இறுகச் சுமார் ஒரு வாரம் ஆகும். அதுவரை கனமான எதையும் அதன்மேல் வைக்காதீர்கள்.