பழைய காரின் ஆர்12 ஏசியில் ஆர்134ஏ கேஸ் போடலாமா?

கும்பகோணத்தில் ஓடும் 1993 மாடல் காருக்கு, "இருக்கிற கேஸை எடுத்துவிட்டு 134ஏ அடித்தால் போதும்" என்று மெக்கானிக் சொல்வது சரியா எனக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே ஏசியைக் குளிர்விக்கும் கேஸ்கள்; ஆர்12 பழையது, ஆர்134ஏ (சுருக்கமாக 134ஏ) அதற்குப் பதிலாக வந்தது. போடலாம், ஆனால் அடித்தால் மட்டும் போதாது. ஆரம்பத்தில் ஜில்லென்று காற்று வரும், கொஞ்ச நாளில் கம்ப்ரசர் ஜாம் ஆகிவிடும்.

காரணம் ஆயில். ஆர்12-இல் மினரல் ஆயில் கரைந்து, கேஸோடு சுற்றிக் கம்ப்ரசருக்கே திரும்பிவிடும். 134ஏ-யில் அது கரையாது. கூலிங் காயிலின் அடியில் தேங்கி நிற்க, கம்ப்ரசர் வறண்டு ஓடும். அதனால் கம்ப்ரசரைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துப் பழைய ஆயிலை வடியுங்கள். காயிலையும் கண்டென்சரையும் (கேஸின் சூட்டை வெளியேற்றும் முன்பக்கக் காயில்) ஃப்ளஷ் செய்து உள்ளே கழுவுங்கள். புதிதாக ஊற்ற எஸ்டர் ஆயில் நல்லது. மிச்சமிருக்கும் மினரல் ஆயிலைப் பொறுத்துக்கொள்ளும். 134ஏ-க்கான இன்னொரு வகையான பிஏஜி ஆயில் அப்படியல்ல. அளவு கம்ப்ரசர் லேபிளில் உள்ளபடி.

கேஸிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் டிரையரைக் கட்டாயம் மாற்றவேண்டும். பழையதன் உள்ளிருக்கும் ஈரம் உறிஞ்சும் மணிகள் 134ஏ-க்கு ஒத்துவராது. கழற்றிய ஒவ்வொரு ஜாயின்டுக்கும் புது ஹெச்என்பிஆர் (ஒரு வகை ரப்பர்) ஓ-ரிங் போடுங்கள், பெரும்பாலும் பச்சை நிறத்தில் வரும். ஹோஸ் வெடிப்பில்லாமல் இருந்தால் விட்டுவிடலாம். சர்வீஸ் வால்வில் 134ஏ அடாப்டர் மாட்டுங்கள்.

கேஸ் ஏற்றுமுன் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்கும் வேக்குவம் வேலையில் அவசரப்படாதீர்கள். ஐப்பசி அடைமழையில் நம்மூர்க் காற்றே பாதி தண்ணீர்தான். எஸ்டர் ஆயில் அந்த ஈரத்தை இழுத்துக்கொள்ளும், டப்பாவைத் திறந்தே வைக்கக் கூடாது. வேக்குவம் கேஜில் 29 அங்குலம் (பாதரச அளவு) வரை இழுத்து, குறைந்தது 45 நிமிடம் பம்ப் ஓடட்டும். நிறுத்தியபின் அரை மணி நேரம் முள் நகராமல் நிற்கவேண்டும். நகர்ந்தால் லீக் அல்லது ஈரம்.

கேஸை எடைபோட்டு ஏற்றுங்கள், பழைய அளவில் 80 முதல் 90 சதவீதம். ஸ்டிக்கரில் 700 கிராம் என்றிருந்தால் 560-இல் தொடங்கி 630-க்குள் நிறுத்துங்கள். சைட் கிளாஸில் (கேஸ் ஓடுவதைப் பார்க்கும் சிறு கண்ணாடி) குமிழி மறையும்வரை ஏற்றுவது ஆர்12 காலத்துப் பழக்கம். 134ஏ-யில் அதை நம்பினால் ஓவர்சார்ஜ் ஆகும். வெளியே 35 டிகிரி வெயிலில், 1500 ஆர்பிஎம்-இல், லோ சைடு (கம்ப்ரசருக்குள் போகும் பக்கம்) அழுத்தம் 30–40, ஹை சைடு (கம்ப்ரசரிலிருந்து வெளியேறும் பக்கம்) 200–250 பிஎஸ்ஐ இருக்கலாம்.

134ஏ-யின் ஹை சைடு அழுத்தம் ஆர்12-ஐவிடக் கூடுதல். ஓடும்போது குளிர்ந்து, ரயில்வே கேட்டில் நின்றதும் சூடாக வந்தால் குறை கண்டென்சரில்தான். பேரலல் ஃப்ளோ கண்டென்சரும் (கேஸ் பல குழாய்களில் ஒரே நேரத்தில் ஓடும் வகை) கூடுதல் மின்விசிறியும் போட்டால் தீரும்; செலவு செய்ய இடம் இதுதான். அதற்குமுன் ஃபின்களைத் தண்ணீரால் கழுவிப் பாருங்கள். அறுப்புக் காலத்தில் ரோட்டில் காயும் நெல், வைக்கோல் தூசி அங்கேதான் போய் அடையும். அழுத்தம் எல்லை மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் ஹை பிரஷர் சுவிட்ச் இல்லாத வண்டியென்றால் ஒன்று மாட்டிவிடுங்கள்.

மலிவு என்று எரியும் ஹைட்ரோகார்பன் கலவையை ஏற்ற விடாதீர்கள். காயில் லீக்கானால் கேபினுக்குள்ளேதான் வரும். பழைய ஆர்12-ஐயும் காற்றில் விடாமல் கேஸை உறிஞ்சிச் சிலிண்டரில் சேமிக்கும் ரிக்கவரி மெஷின் உள்ள இடத்தில் எடுக்கச் சொல்லுங்கள். வேலை முடிந்ததும் பானட்டுக்கு அடியில் கேஸ் வகை, கிராம், ஆயில் வகை எழுதி ஒட்டிவிடுங்கள், அடுத்த மெக்கானிக் மறுபடி மினரல் ஆயில் ஊற்றாமலிருக்க.