இரண்டு கட்டி சோப்பு

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் இரண்டாம் உலகப் போரைக் காட்டும் சோவியத் படங்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். எனக்கு ஒரு நெருடல். அந்த நாட்டில் ஸ்டுடியோவும் அரசுடையது, கேமராவும் அரசுடையது, திரைக்கதைக்கு அனுமதி கொடுப்பதும் அரசுதான். அப்படி எடுத்த படம் பிரச்சாரமாக இல்லாமல் எப்படி இருக்கும்? கலை என்று நீங்கள் சிலாகிப்பது கொஞ்சம் நன்றாகச் செய்த பிரச்சாரத்தைத்தானோ?

சரவணன்

அன்புள்ள சரவணன்,

நீங்கள் சொல்வதற்கு அச்சு அசலாகப் பொருந்தும் படம் ஒன்று இருக்கிறது. 1950ல் வந்த 'பெர்லினின் வீழ்ச்சி'. கடைசியில் ஸ்டாலின் வெள்ளைச் சீருடையில் விமானத்திலிருந்து பெர்லினில் இறங்குவார், கூட்டம் ஓடிவந்து சூழ்ந்துகொள்ளும். நிஜத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. மனிதர் ஐரோப்பாவில் போர் முடிந்த பிறகு, பெர்லினுக்குப் பக்கத்தில் பாட்ஸ்டாமில் நடந்த மாநாட்டுக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தார்.

ஆனால் அந்தப் படத்தை எடுத்த அதே மாஸ்ஃபிலிம் ஸ்டுடியோ 1959ல் 'ஒரு சிப்பாயின் கதைப்பாடல்' எடுத்தது. அல்யோஷாவுக்கு 19 வயது. இரண்டு டாங்கிகளை அடித்துவிட்டு, பதக்கத்துக்குப் பதிலாக லீவு கேட்கிறான். அம்மாவைப் பார்க்க வேண்டும், ஒழுகும் கூரையைச் சரிசெய்ய வேண்டும், அவ்வளவுதான். வழியில் யாரோ ஒரு சிப்பாய் தன் மனைவிக்கு இரண்டு கட்டி சோப்பு கொடுத்தனுப்புகிறான். போய்ப் பார்த்தால் அந்த வீட்டில் வேறொருவன். வெளியே வந்த அல்யோஷா திரும்பிப் போய், கொடுத்த சோப்பை எடுத்துக்கொண்டு வந்து சிப்பாயின் அப்பாவிடம் சேர்க்கிறான். போர்க்களத்துக்கு வெளியே நடக்கும் இந்தச் சோப்பு விவகாரத்தைவிட நல்ல போர்க் காட்சி எனக்குத் தெரியாது. அவன் உயிரோடு வரமாட்டான் என்று படத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நடுவில் என்ன ஆயிற்று? 1953ல் ஸ்டாலின் இறந்தார், பிடி தளர்ந்தது. சரி, அது ஒரு காரணம். படத்தை எடுத்த சுஹ்ராய் அந்தப் போரில் சண்டையிட்டுக் காயம்பட்டவர் என்பது இன்னொன்று. எனக்கு முக்கியமாகப் படுவது தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள். போரில் இறந்த சோவியத் மக்கள் சுமார் 70 லட்சம் என்று 1946ல் ஸ்டாலின் சொன்னார். பிறகு அது 2 கோடி ஆனது, 1990ல் 2.7 கோடி. கணக்கு எப்படியும் மாறட்டும், தன் வீட்டில் யார் திரும்பவில்லை என்பது டிக்கெட் வாங்கியவருக்குத் தெரியும்.

அதற்காக எல்லாவற்றையும் காட்ட விட்டுவிட்டார்கள் என்று சொல்லவில்லை. போர்க் கைதிகள் விஷயத்தில் உங்கள் சந்தேகம் சரி. சரணடைந்தவன் துரோகி என்றது 1941 ஆகஸ்டில் வந்த ஸ்டாலினின் 270ஆம் எண் உத்தரவு. 1959லேயே 'ஒரு மனிதனின் விதி'யில் கைதி ஒருவன் நாயகனாக வந்துவிட்டானே என்பீர்கள். அவன் குண்டுவெடிப்பில் நினைவிழந்து பிடிபட்டவன், பிறகு தப்பியும் வருகிறான், குறை சொல்ல இடமில்லை. அலெக்ஸெய் கெர்மான் எடுத்த 'சாலையில் ஒரு சோதனை' (Trial on the Road) படத்தின் லாஸரெவ் அப்படியில்லை. பிடிபட்டு, ஜெர்மானியர் பக்கம் வேலை பார்த்துவிட்டு, சோவியத் கொரில்லாப் படையிடம் திரும்பி வருகிறவன்.

அதில் ஒரு பாலத்துக்கு வெடி வைத்திருப்பார்கள். ரயில் பாலத்தில் ஏறும் நேரத்தில், அடியில் ஒரு பெரிய சரக்குப் படகு மெல்ல நகர்ந்து வரும். அதில் நெருக்கியடித்துக்கொண்டு சோவியத் கைதிகள். வெடித்தால் இவர்களும் போவார்கள். வெடிக்கச் சொல்கிறார் ஒரு அதிகாரி, மறுக்கிறார் கொரில்லாத் தலைவர். ரயில் தப்பிவிடுகிறது.

1971ல் எடுத்து முடித்த அந்தப் படத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். கோர்பச்சேவ் வந்த பிறகுதான் அது திரைக்கு வந்தது. முதலில் சோப்புப் படத்தைப் பாருங்கள், அப்புறம் இதை. பார்த்துவிட்டு எழுதுங்கள்.