அம்மா போனபின் ஜெபம் வரவில்லை என்றால்

ஜெபம் வராததை விசுவாசக் குறைவு என்று எண்ணாதீர்கள். அம்மா தவறியதிலிருந்து முழங்காலிட்டாலும் வார்த்தை வரவில்லை என்கிறீர்கள். ஸ்தோத்திரத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற பழக்கம்தான் பெரும்பாலும் தொண்டையை அடைக்கும்.

இன்றிரவு வேதாகமத்தின் 13-ஆம் சங்கீதத்தைச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். ஆறே வசனம். முதல் இரண்டிலும் "எதுவரைக்கும்" என்ற முறையீடுதான். 5-ஆம் வசனத்தின் நம்பிக்கை வாயில் ஒட்டவில்லையா, 4-லேயே நிறுத்திவிடுங்கள். 88-ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

ஒன்று மட்டும்: தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் டாக்டரையும் பாருங்கள். "போதும்" என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியா தீர்க்கதரிசிக்கு முதலில் கிடைத்தது போதனை அல்ல. தூக்கமும் சுட்ட அடையும் தண்ணீரும் (1 இராஜாக்கள் 19).