ரிப்ரீஸ் வேண்டாம், ரிஸ்யூம் போதும்

வணக்கம் சகோதரி. பேறுகால விடுப்பு முடிந்து டீம் லீட் பொறுப்புக்குத் திரும்புவதை மேலாளருக்கு எழுத, அகராதியில் பார்த்த ‘ரிப்ரீஸ்’ சரியா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது மேடைக்கும் திரைக்கும் உரிய சொல். 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஹான் சோலோ என்ற பாத்திரமாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு 2015-இல் மறுபடி அதே வேடத்தில் வந்தாரே, அதற்குத்தான் பொருந்தும்.

‘ஐ வில் ரிஸ்யூம் மை ரோல் ஆஸ் டீம் லீட் ஆன் மண்டே’ என்று எழுதுங்கள். ரிஸ்யூமுக்குப் பின்னால் ‘பேக்’ சேர்த்துவிடாதீர்கள். ‘மீண்டும்’ என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ‘ரிஜாயின்’ என்றாலும் நம் ஊர் அலுவலகங்களில் புரியும். ஆனால் அது வேலைக்கு வந்து சேர்வதோடு நின்றுவிடும்; பழைய பொறுப்பு உங்களிடமே திரும்புகிறது என்பதைச் சொல்லாது. உங்களுக்கு அதுதானே முக்கியம்? ‘ரீஇன்ஸ்டேட்’ பக்கம் போகவே வேண்டாம். பணிநீக்கமோ இடைநீக்கமோ ஆனவரை நிர்வாகம் திரும்ப அமர்த்துவதற்கான சொல் அது. நீங்கள் விடுப்பில்தான் போனீர்கள், பதவியை யாரும் பறிக்கவில்லை.

அப்புறம், கொஞ்சம் இயல்பாக எழுத ஆசைப்பட்டால் ‘ஸ்டெப் பேக் இன்டு’ நன்றாக இருக்கும். ‘இன்டு’ மட்டும் ‘ஃப்ரம்’ ஆகிவிடாமல் பாருங்கள். பொறுப்பிலிருந்து விலகுவதாக அர்த்தம் மாறிவிடும்.