கிர் காட்டில் விழித்திருக்கும் சிங்கத்தைப் பார்க்க என்ன வழி?

கேள்வி: டிசம்பர் கடைசியில் குடும்பத்தோடு குஜராத்தில் உள்ள கிர் காட்டுக்குப் போகிறோம். பிள்ளைகளுக்கு வயது 8, 11. போன வருஷம் போய்வந்த என் நாத்தனார், "மூணு மணி நேரம் ஜீப்புல குலுங்கிக் குலுங்கிப் போய், தூங்குற சிங்கத்தோட முதுகைத்தான் பார்த்தோம்" என்கிறார். சிங்கம் நடமாடுவதைப் பார்க்க எப்போது போகலாம்? பிள்ளைகளுக்கு எதைக் காட்டலாம்?

பதில்: உங்கள் நாத்தனார் பார்த்ததுதான் சிங்கத்தின் அன்றாட வாழ்க்கை. ஒரு நாளில் 16 முதல் 20 மணி நேரம் அது படுத்தே கிடக்கும். நோயும் இல்லை, அலுப்பும் இல்லை. வளர்ந்த ஆண் சிங்கம் ஒரே வேளையில் 30 கிலோவுக்கு மேல் கறி தின்னும். தின்றபின் வயிறு இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும், குப்புறப் படுப்பது சிரமம். அதனால்தான் மல்லாந்து, நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, கல்யாண விருந்து சாப்பிட்டுப் பந்தலிலேயே சாய்ந்துவிட்ட பெரியப்பாவைப் போலக் கிடக்கிறது. பிள்ளைகள் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரிப்பார்கள். வண்டிக்குள்ளேயே, சத்தம் வராமல் சிரிக்கச் சொல்லுங்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை, விடியற்காலைப் பயணம்தான் என் முதல் சிபாரிசு. சிங்கம் இரவில் சுற்றும், வெயில் ஏறினால் நிழல் தேடும். குளிர்காலத்தில் காலையில் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நடமாடும் என்பது உங்களுக்குச் சாதகம். அனுமதிச் சீட்டை வனத்துறையின் இணையதளத்தில் முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் கூட்டம் அதிகம். எந்தப் பாதையில் போவது என்பது உங்கள் கையிலும் இல்லை, ஓட்டுநர் கையிலும் இல்லை, ஒதுக்கித் தருவதுதான்.

அடுத்தது, பலர் கோட்டைவிடும் விஷயம். படுத்திருக்கும் சிங்கத்தைப் பார்த்ததும் இரண்டு படம் எடுத்துவிட்டு "சரி, அடுத்தது போலாம்" என்று கிளம்பிவிடுகிறார்கள். வழிகாட்டி அனுமதிக்கும் வரை அங்கேயே இருங்கள். கொட்டாவிக்காகக் காத்திருங்கள். முதலில் ஒரு காது திரும்பும். தலை தூக்கும். வாய் மெதுவாக விரிந்து, மூக்கின் மேல்தோல் மடிப்பு மடிப்பாகச் சுருங்கி, மஞ்சளேறிய நாலு கோரைப்பற்களும் தெரியும். நாக்கு வெளியே வந்து நுனி வளைந்து உள்ளே போகும். சில நொடிகளில் பக்கத்தில் படுத்திருப்பதும் கொட்டாவி விட்டால் கேமராவைத் தயாராக வையுங்கள். தென்னாப்பிரிக்காவில் காட்டுச் சிங்கங்களைக் கவனித்து 2021இல் வெளியான ஓர் ஆய்வு, கொட்டாவி சிங்கங்களுக்குள்ளும் தொற்றிக்கொள்கிறது என்று காட்டியது. ஒன்றிடமிருந்து கொட்டாவி தொற்றிய சிங்கம், அதன்பின் முதல் சிங்கம் எழுந்தால் தானும் எழுகிறது, நடந்தால் தானும் நடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது. கூட்டமாகக் கிளம்புவதற்குக் கொட்டாவி உதவுகிறது என்று தெரிந்தபின், தூங்கும் சிங்கத்தின் முன்னால் உட்கார எனக்கு அலுப்பே வருவதில்லை.

கிர் சிங்கங்களுக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. இங்கே ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் தனித்தனிக் குடித்தனம். பெண்கள் குட்டிகளோடு ஒரு கூட்டம், ஆண்கள் இரண்டு மூன்று பேராகத் தனிக் கூட்டணி. பெரிய இரை விழுந்தாலோ ஜோடி சேரும்போதோதான் சந்திப்பு. எனவே பிடரியோடு ஒன்றும் பிடரியில்லாமல் ஒன்றும் ஒட்டி நடந்தால், அது பெரும்பாலும் ஜோடிதான். அவ்வளவு எளிதில் நகர்ந்துவிடாதீர்கள். சில நாள் தொடர்ந்து, கால் மணி அரை மணிக்கு ஒருதரம் சேர்ந்துகொண்டிருக்கும், நெடுந்தூக்கம் கிடையாது. முடிந்ததும் பெண் திரும்பி ஓங்கி ஓர் அறை விடுவதும் உண்டு, ஆண் பின்வாங்கிவிடும். 11 வயதுப் பிள்ளை கேள்வி கேட்கும், பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்கள்!

ஆண் சிங்கம் தரையை முகர்ந்துவிட்டு, மேலுதட்டைச் சுருட்டி, பல்லைக் காட்டி, கண்ணைப் பாதி மூடி நிற்பதையும் பார்க்கலாம். இளிப்பது போலவே இருக்கும். வாயின் மேலண்ணத்தில் வாசனை அறிய ஓர் உறுப்பு இருக்கிறது. பெண் சிங்கத்தின் சிறுநீர் வாசனையை அங்கே அனுப்பிப் பார்க்கிறது. குட்டிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம். அம்மாவின் வால்குஞ்சம்தான் அவற்றின் பொம்மை. அவள் அசைக்க, அவை பதுங்கிப் பாயும். ஆசியச் சிங்கத்துக்கு அந்தக் குஞ்சம் ஆப்பிரிக்கச் சிங்கத்தைவிட அடர்த்தி. பிடரி குறைவு என்பதால் காதுகள் வெளியே தெரியும், வயிற்றின் அடியில் நீளமாக ஒரு தோல் மடிப்பு இருக்கும். எதிரே மால்தாரிகளின் (கிர் பகுதியில் ஆடுமாடு மேய்ப்பவர்கள்) எருமை மந்தை வந்தால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். கொம்பைத் தாழ்த்திக்கொண்டு எருமைகள் ஒன்றாகத் திரும்பினால், சிங்கம் எழுந்து ஒதுங்கிப் போவதைப் பார்க்கலாம்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். வண்டியில் எழுந்து நிற்கக்கூடாது, இறங்கவே கூடாது. காதைப் பின்னுக்கு மடித்து, வாலை வேகமாக அடித்தபடி உறுமினால் ஓட்டுநரைப் பின்வாங்கச் சொல்லுங்கள். வனப் பணியாளர்கள் கையில் ஒரு கம்போடு சிங்கத்தின் அருகே நடப்பார்கள்; அது அவர்களின் நீண்ட பழக்கம், நாம் செய்வதற்கில்லை. 2025 கணக்கெடுப்பில் சிங்கங்கள் 891. காடு கொள்ளாமல் மாந்தோப்புகளிலும் சாலையோரத்திலும் படுக்கின்றன, இரவில் வண்டியை மெதுவாக ஓட்டுங்கள். யாராவது வந்து, "ராத்திரி தோட்டத்துல சிங்கம் காட்டுறேன், காசு கொடுங்க" என்றால் போகாதீர்கள். மாட்டைக் கட்டிவைத்துச் சிங்கத்தை வரவழைக்கும் வேலை அது. சட்டப்படி குற்றம், பணம் கொடுத்துப் பார்ப்பவரும் மாட்டிக்கொள்வார். அதோடு, மனிதர் பக்கம் வரப் பழகிய சிங்கத்துக்கு அதுவே வினையாகிறது.

முதல் நாள் மாலை, கிர் காட்டுப் பயணம் தொடங்கும் ஊரான சாசனுக்கு அருகில், வேலியிட்ட டேவாலியா பூங்காவை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே சிங்கம் கண்ணில் படுவது ஏறக்குறைய உறுதி என்பதால் பிள்ளைகளின் அவசரம் அடங்கிவிடும். மறுநாள் காட்டுக்குள் பொறுமையாக உட்காருவார்கள். இரவில் அறை ஜன்னலைத் திறந்து வையுங்கள், கர்ஜனை 8 கிலோமீட்டர் வரை கேட்கும். திறந்த ஜீப்பில் விடியல் குளிர் உறைக்கும், ஸ்வெட்டரும் காதை மூடும் குல்லாவும் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள்.