அப்பாவின் மறதிக்கு மூன்று டப்பா மூலிகை

கேள்வி: என் அப்பாவுக்கு 67 வயது. கூட்டுறவு சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறேழு மாதமாக மறதி. காலையில் கேஸ் புக் செய்தவர், மாலையில் "சிலிண்டருக்குச் சொல்லணுமே" என்கிறார். சர்க்கரைக்குப் பல வருடமாக மெட்ஃபார்மின். போன வருடம் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ஆஸ்பிரின், குளோபிடோகிரெல். தூக்கத்துக்கு அல்பிரசோலம். சிங்கப்பூரிலிருந்து தம்பி ஜின்கோ மாத்திரை அனுப்பியிருக்கிறான். சித்தி பிராமி கேப்சூல் வாங்கி வந்திருக்கிறார், டப்பா 1,800 ரூபாய். வல்லாரைப் பொடியும் வீட்டில் இருக்கிறது. "மூலிகைதானே, மூன்றையும் கொடு" என்கிறார்கள். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: ஜின்கோ வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே ஆரம்பித்திருந்தால் இன்றோடு நிறுத்திவிட்டு, இதய மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். ஸ்டென்டில் ரத்தம் உறைந்து அடைத்துவிடக் கூடாது என்பதற்காக அப்பாவுக்கு ஏற்கெனவே இரண்டு மாத்திரை ஓடுகிறது. ஜின்கோ இலையில் உள்ள சில பொருட்களுக்கும் ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்களின் வேலையைத் தடுக்கும் குணம் உண்டு. ரத்தக்கசிவு கூடும் என்று எல்லா ஆய்வுகளும் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால் கூடுமா கூடாதா என்று சோதித்துப் பார்க்கிற உடம்பு அப்பாவுடையது அல்ல.

பலனாவது உண்டா என்றால், அதுவும் இல்லை. அமெரிக்காவில் 75 வயதும் அதற்கு மேலும் ஆன 3,069 பேரில் ஒரு பாதிக்கு 120 மில்லிகிராம் ஜின்கோ தினம் இரண்டு வேளை, மறுபாதிக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை என்று கொடுத்து ஆறு ஆண்டுபோலக் கவனித்தார்கள். முடிவு 2008-ல் வந்தது: டிமென்ஷியா என்ற மறதி நோய் வருவதை ஜின்கோ குறைக்கவில்லை. தம்பியின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. அடுத்த தடவை கோடாலித் தைலம் அனுப்பச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கண்ணை உறுத்தியது மூலிகை அல்ல, அப்பா வழக்கமாகப் போடும் மாத்திரைகள்தான். மெட்ஃபார்மினை வருடக்கணக்கில் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு உணவிலிருந்து வைட்டமின் பி12 சரியாக உடம்பில் சேராது. அப்பா சைவம் என்றால் வரவும் குறைவு, சேர்வதும் குறைவு. கல்லீரலில் இருக்கும் இருப்பு தீரச் சில வருடம் ஆகும் என்பதால் இந்தக் குறைபாடு சத்தமில்லாமல் வரும். பாதம் மரத்துப்போவது, எரிச்சல், தள்ளாட்டம், மறதி எல்லாம் இதனால் வரலாம். கால் எரிச்சலைச் சர்க்கரையின் தலையில் கட்டிவிட்டு, மறதியை வயதின் தலையில் கட்டிவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். குறைவு என்றால் ஊசியோ மாத்திரையோ போதும். சீக்கிரம் கண்டுபிடித்தால் நன்றாகத் தேறுகிறவர்கள் உண்டு. கூடவே தைராய்டையும் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது அல்பிரசோலம். வயதானவர்களுக்கு மறதியையும் மந்தத்தையும் தருவதில் இந்த ரக மாத்திரைகள் பேர் போனவை. ராத்திரி பாத்ரூம் போகும்போது விழுவதற்கும் இதுவே காரணமாகும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று விட்டால் நடுக்கம், தூக்கமே வராமை, சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதிக்கொடுத்த மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். சளி பிடித்தால் மெடிக்கலில் தாமாகவே வாங்கிப் போடுகிற மாத்திரைகளிலும் புத்தியை மந்தமாக்கும் சரக்கு உண்டு, விசாரியுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டும்: இந்த ஆறேழு மாதத்தில் அப்பா எங்காவது தலையை இடித்துக்கொண்டாரா? ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களுக்குச் சின்ன இடி பட்டால்கூட மண்டைக்குள் மெதுவாக ரத்தம் கசிந்து, சில வாரம் கழித்துக் குழப்பமாகவும் மறதியாகவும் வெளிப்படும். சி.டி. ஸ்கேனில் தெரியும், சரிசெய்யவும் முடியும். தலைவலி, ஒரு பக்கம் கை கால் தளர்ச்சி, பகலெல்லாம் தூக்கம் என்று ஏதாவது சேர்ந்திருந்தால் நாளைக்கு என்று தள்ளாமல் அன்றே கூட்டிப்போங்கள்.

இனி சித்தியின் பிராமி. நம் ஊரில் நீர்ப்பிரமி என்போமே, வயல் ஓரத்து ஈரத்தில் படரும் சின்னச் சதைப்பற்று இலை, அதுதான். மூன்றில் ஓரளவு மரியாதைக்குரியது இதுவே. தினம் 300 மில்லிகிராம் சாறு 12 வாரம் கொடுத்த ஆய்வுகள் சிலவற்றில், படித்த சொற்களைக் கொஞ்ச நேரம் கழித்து நினைவுகூர்வது சற்றே மேம்பட்டது. அவற்றில் பெரும்பாலும் பங்கேற்றவர்கள் நோயில்லாதவர்கள். அப்பாவைப்போல மறதி ஆரம்பித்தவர்களுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அந்த 300 மில்லிகிராம் செறிவூட்டிய சாறு. டப்பாவில் இருப்பது வெறும் இலைப்பொடியாக இருந்தால் கணக்கே வேறு. லேபிளில் 'பகோப்பா மொன்னியேரி' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். வடக்கே வல்லாரையையே பிராமி என்று விற்பது உண்டு. 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று எங்காவது பொடி எழுத்தில் இருந்தால், அது உணவுச் சட்டப்படி விற்கப்படும் சத்துப்பொருள், மருந்தே அல்ல. முன்பக்கத்தில் மூளைப் படம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் சரி.

பிராமி வயிற்றைக் கலக்கும், குமட்டலும் வரும். பரிசோதனைகள் முடியும்வரை இதையும் ஒத்திவையுங்கள். 1,800 ரூபாயில் பி12, தைராய்டு இரண்டையும் பார்த்துவிடலாம்.

வல்லாரையைக் கீரையாகத் தாராளமாகக் கொடுங்கள். சின்ன வெங்காயம், தேங்காய் சேர்த்துத் துவையலாகவோ சம்பலாகவோ வாரம் ஒருமுறை இருமுறை சாப்பிட்டால் கெடுதல் இல்லை. சாக்கடை ஓரத்திலும் செழிப்பாக வளரும் செடி, மூன்று தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மறதி போகும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். மாத்திரையாகத் தொடர்ந்து எடுத்துக் கல்லீரல் பாதித்தவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறார்கள், அதனால் பொடியும் வேண்டாம்.

முதலில் பொது மருத்துவர், தேவைப்பட்டால் அவரே நரம்பியல் மருத்துவரிடம் அனுப்புவார். மாத்திரை அட்டைகள், மூலிகை டப்பாக்கள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுபோங்கள். அப்பாவைக் கேட்டால் "எனக்கு ஒண்ணுமில்லை" என்றுதான் சொல்வார். தினமும் கூட இருக்கும் அம்மாவோ நீங்களோ உடன் போய், கேஸ் சிலிண்டர் மாதிரி நாலைந்து சம்பவங்களைத் தேதியோடு எழுதிக் கொடுங்கள்.